குன்வோரின் மூலை மடிப்பு

எங்கள் தீவில் ஆடு இல்லாத பண்ணை கிடையாது. அறுப்புக் காலம் வந்தால் கொழுப்பு வாளி வாளியாகச் சேரும். மற்ற வீடுகளில் அதை நாய்க்கோ பறவைக்கோ போடுவார்கள். என் அண்ணன் ஓஸ்தெனின் மனைவி குன்வோர் அதை உருக்கி, வடிகட்டி, சோப்பு செய்தாள். அவள் எனக்கு அண்ணியாவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரி. அதனால் எங்களுக்குள் எல்லாமே வாடி போடிதான்.

வேலை எங்களுக்குள் பிரிந்திருந்தது. கொழுப்பும் எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் சேர்ந்து கஞ்சிப் பதமாகும்வரை கிண்டுவது நான். அச்சுப்பெட்டிக்குள் தாள் விரிப்பது அவள். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வேலையை அவள் என்னிடம் கொடுத்ததில்லை.

பெட்டிகளை ஓஸ்தென் பைன் பலகையில் செய்து தந்திருந்தான். நீளமாக, குறுகலாக, பார்த்தால் குழந்தையின் சவப்பெட்டி மாதிரி இருக்கும் என்று நான் ஒருமுறை சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மரப்பெட்டியில் சோப்புக் கூழை நேரடியாக ஊற்ற முடியாது. அது மரத்தைக் கவ்விக்கொண்டால் பிறகு உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் உள்ளே பட்டர் பேப்பர் விரிக்க வேண்டும். எல்லாரும் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இரண்டு துண்டு வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவார்கள். குன்வோர் கத்தரியைத் தொடவே மாட்டாள். ஒரே தாள். வெண்ணெய்க் கத்தியின் முதுகால் கீறிக் கீறி மடிப்பு எடுப்பாள். நான்கு மூலையிலும் மிஞ்சும் தாளை உறை மடிப்பது போல மடித்து, வெளிப்பக்கம் தள்ளி, பலகைக்கும் தாளுக்கும் நடுவே செருகிவிடுவாள். உள்ளே பார்த்தால் ஒரு சுருக்கம் இருக்காது. மேலே விளிம்பில் துணி கிளிப் மாட்டினால் வேலை முடிந்தது.

"வெட்டுன தாளுக்கு வாய் இருக்கும்டி. வாய் இருந்தா என்னிக்காவது ஒழுகும்" என்பாள்.

குளிர்காலத்தில் ஊர் மன்றத்தில் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தாள். வந்தவர்களிடம் முதலில் சொல்வது கையுறை பற்றியல்ல, பாதுகாப்புக் கண்ணாடி பற்றியல்ல. "சமையல்கட்டுல பளபளன்னு அலுமினியத் தாள் இருக்கும். ஈசியா மடியும். அதப் பெட்டிக்குள்ள போட்டவங்க யாரும் திரும்ப என் வகுப்புக்கு வர வேணாம். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. தனித்தனியா இருக்கிறவரைக்கும் தங்கம்." எல்லாரும் சிரிப்பார்கள். பின் வரிசையில் ஓஸ்தென் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பான், அவனும் சிரிப்பான்.

அப்படிப்பட்ட மனுஷி. யாரையும் நோகடித்துப் பேசத் தெரியாதவள். சந்தையில் பேரம் பேசக்கூட என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள்.

முதலில் என்ன மாறியது என்று யோசித்துப் பார்த்தால், சோப்பில் வாசனைக்குச் சேர்க்கும் ஜூனிப்பர் எண்ணெய்தான். ஒரு இலையுதிர் காலத்துக் காலையில் கிண்டி முடித்த கூழில் அவள் எண்ணெயை ஊற்றினாள். குனிந்து மோந்து பார்த்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடி மோந்தாள்.

"இது தண்ணி. கடைக்காரன் தண்ணிய அடைச்சு அனுப்பியிருக்கான்" என்றாள்.

எனக்குக் கண்ணே எரிந்தது. "குன்வோர், போதும். மூக்கப் பொசுக்குது."

"உனக்கு எதுதான் பொசுக்கல?"

குப்பி காலியாகும்வரை ஊற்றினாள். அவளுக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த தடவையும் அதேதான் நடந்தது. அந்தத் தடவை கடைக்காரனை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாள். நான் எண்ணெயைத் திருடி, குப்பியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேனாம். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, "வீட்டுக்குப் போ, பேரித்" என்றாள்.

அந்தச் சோப்பைத் துறைமுகத்துக் கடையில் வைத்து விற்றவள் மைக்கன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவளும் அவள்தான். முதலில் அவளே அந்தச் சோப்பில் குளித்திருக்கிறாள். முழங்கைவரைக்கும் சிவந்து தடித்துப்போயிற்று. ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது குன்வோரைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, மெதுவாகத்தான் சொன்னாள்: "எண்ணெய் கொஞ்சம் கூடிடுச்சோ என்னவோ."

குன்வோர் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "உன் கை எப்பவுமே தவளைத் தோல்தான். அதனாலதான ஒருத்தனும் பிடிக்கல."

மைக்கன் கல்யாணம் ஆகாதவள். குன்வோர் தட்டிலிருந்த இன்னொரு கேக் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை வாருவதை விட்டாள். ஒரு அடக்கத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது சிரித்தாள். குட்டி ஈனும் காலத்தில் பட்டியில் ஆடு கத்திக்கொண்டிருக்க, இவள் சமையலறையில் உட்கார்ந்து சீட்டுக்கட்டை வைத்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு குட்டிகள் செத்துப்போயின. ஊர் குடி என்று முடிவு கட்டியது. எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் வரும் காரணம் அதுதான்.

ஓஸ்தெனும் அப்படித்தான் நினைத்தான். விறகுக் கொட்டகை, உப்புப் பீப்பாய், தையல் பெட்டி, எல்லாவற்றிலும் பாட்டில் தேடியிருக்கிறான். நான் ஒருநாள் அவனைப் பார்க்கப் போனபோது மேய்ச்சல் நிலத்தின் கல்வேலியில் சரிந்த கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"ஒண்ணும் கிடைக்கல பேரித். கிடைச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்றான்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"கூப்பிட்டேன். உனக்குத்தான் பைத்தியம், நீ போன்னு சொல்றா." ஒரு கல்லை வைத்தான், எடுத்தான், திருப்பி வைத்தான். "தங்கச்சிகிட்ட சொல்ற விஷயமில்ல இது. வேற யார்கிட்ட சொல்றது? போன வாரம் சாப்பாட்டு மேஜையில, உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே சொல்றா, 'உன்ன எதுக்குக் கட்டிக்கிட்டேன் தெரியுமா? ரூனெ என்ன வேணாம்னுட்டான். அடுத்த பண்ணை உன்னோடது.' சொல்லிட்டு, உப்ப இந்தப் பக்கம் தள்ளுங்கறா."

ரூனெ பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மேல் வகுப்பில் படித்தவன். எப்போதோ தீவை விட்டுப் போய்விட்டான். குன்வோர் அவனோடு ஒரு கோடைகாலம் சுற்றியது ஊருக்குத் தெரியும். அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

"கோபத்துல சொல்லியிருப்பா" என்றேன்.

"கோபமே இல்லயே. அதான் சொல்றேன்." பிறகு, கல்லைப் பார்த்துக்கொண்டே, "தோவெ கல்யாணம் முடியட்டும். நான் போயிடலாம்னு இருக்கேன்" என்றான்.

தோவெ அவர்களுடைய ஒரே மகள். தலைநகரில் வேலை. அடுத்த வருஷம் கோடை நடுவில் தீவில் வைத்துக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவர் தட்டிலும் அம்மா செய்த சோப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. தொலைபேசியில் குன்வோர் எப்போதும் சிரித்துச் சிரித்துத்தான் பேசுவாள்.

சோப்பு செய்தவுடன் கொடுத்துவிட முடியாது. வாரக்கணக்கில் காய்ந்தால்தான் காரம் அடங்கும். அதனால் வசந்தம் தொடங்கியதும் ஓஸ்தென் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "தனியா விட எனக்குப் பயமா இருக்கு. காஸ்டிக் சமாச்சாரம். நீ வந்து நில்லு, போதும்."

அவள் என்னை வெளியே போகச் சொன்ன நாளிலிருந்து நான் அந்தச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஆனாலும் போனேன். குன்வோர் என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் பிரிந்தது போல, "வா, கிண்டு" என்றாள். அவ்வளவுதான்.

கொழுப்பு ஏற்கனவே உருகியிருந்தது. கரைசலை நானே கலந்தேன், அவளிடம் விடவில்லை. அவள் காலில் கம்பளிக் காலுறை மட்டும் போட்டிருந்தாள். "செருப்புப் போடு" என்றேன். "போடுறேன்" என்றாள். போடவில்லை. கூழ் கெட்டிப்படத் தொடங்கியபோது, கல்யாணச் சோப்பில் போட உலர்த்தி வைத்திருந்த பூவிதழ்கள் மேல்மாடியில் இருப்பது ஞாபகம் வந்தது. அவளிடம், "தாள் விரிச்சு வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன். பெட்டி ஒன்றை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தன.

இறங்கி வரும்போது கேட்டது. சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல்.

கூழை அவளே ஊற்றியிருந்தாள். பெட்டி பொங்கிக்கொண்டிருந்தது. வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டியது சாம்பல் நிறமாகி, கொப்புளம் கொப்புளமாக எழுந்து விளிம்பைத் தாண்டியது. விளிம்பில் துணி கிளிப்புகள் ஒழுங்காக மாட்டியிருந்தன. கிளிப்புக்குக் கீழே பளபளத்தது அலுமினியத் தாள். மூலைகள் நான்கும் அவள் வழக்கப்படி உறை மாதிரி மடிக்கப்பட்டு வெளியே செருகப்பட்டிருந்தன. அவ்வளவு அழகான மடிப்பு. தாள் பல இடத்தில் அரித்து ஓட்டையாகி, பலகை இடுக்கு வழியாகக் கூழ் ஒழுகி மேஜையில் ஓடி, ஓரத்திலிருந்து அவள் பாதத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் நகரவில்லை. கம்பளிக் காலுறை நனைந்து கரைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு யாருடைய காலோ என்பது போல.

"குன்வோர்."

"நீதான இத விரிச்சே" என்றாள். "நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அவளை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் உட்கார வைத்து, காலுறையைக் கத்தரித்து எறிந்து, தண்ணீரைத் திறந்துவிட்டேன். பாதத்தின் மேல்தோல் வழவழவென்று கழன்று வந்தது. நான்தான் அழுதேன். அவள் குழாயையே பார்த்துக்கொண்டு, "வெந்நீர் இல்லையா? குளிருது" என்றாள். சத்தம் கேட்டு ஓஸ்தென் பட்டியிலிருந்து ஓடி வந்தான். சமையலறையில் பெட்டியைப் பார்த்தான். அலுமினியத் தாளைப் பார்த்தான். "நான் விரிக்கல ஓஸ்தென்" என்று நானாகவே சொன்னேன். "தெரியும்" என்றான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட டாக்டர் இளம் பெண். எங்கே எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"கால நகர்த்தணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு. சோம்பலா இருந்துச்சு" என்றாள் குன்வோர். பிறகு டாக்டரை மேலும் கீழும் பார்த்து, "உன் வயசுல நானும் இப்படித்தான் கேள்வியா கேட்டுட்டு இருந்தேன். ஆனா எனக்கு இடுப்பு இருந்துச்சு" என்றாள்.

ஓஸ்தென் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் மட்டும் முகம் மாறவில்லை. காப்பி இயந்திரத்திலிருந்து ஒரு கோப்பை கொண்டுவந்தாள். குன்வோரைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்கு அடியில் பிடித்தாள்.

"என்ன இது?"

"சோப்பு" என்றாள் குன்வோர், யோசிக்காமல்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நீட்டினாள். "சோப்பு." வெறும் பஞ்சை நீட்டினாள். "சோப்புதான். என்ன விளையாட்டு இது?"

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "எவ்வளவு நாளா இவங்களுக்கு வாசனை தெரியல?" என்று கேட்டாள். எனக்கு ஜூனிப்பர் குப்பி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.

அன்றைக்கே தலையைப் படம் எடுத்தார்கள். நெற்றி எலும்புக்குப் பின்னால், வாசனை நரம்புகள் ஓடும் பள்ளத்தில், கோழிமுட்டையைவிடப் பெரிதாக ஒரு கட்டி. புற்று வகை இல்லை, வருஷக்கணக்காக மெதுவாக வளர்ந்து மூளையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது என்று விளக்கினார்கள். முதலில் போவது வாசனை. பிறகு நிதானம், அக்கறை, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்கிற தடுப்பு. இன்னும் விட்டால் கண். கப்பலேறித் தலைநகருக்குப் போய் அறுவை செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்த குன்வோர் திடீரென்று, "அப்போ நான் பேசினதெல்லாம்?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"மைக்கன்கிட்ட. இவகிட்ட. அவன்கிட்ட." விரலால் எங்களைச் சுட்டினாள். "எல்லாம் ஞாபகம் இருக்கு. யார் பேசினது?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நோய்" என்றாள். அது கருணையான பதில். குன்வோர் அதை வாங்கி வைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. பழையபடி முகம் காலியாகிவிட்டது.

அறுவை நல்லபடி முடிந்தது என்றார்கள். நல்லபடி என்றால் உயிரும் கண்ணும் தப்பின. கல்யாணத்தைத் தோவெ தள்ளிவைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். குன்வோரின் தலையில் காதிலிருந்து காதுவரை தையல். சில நாள் அவள் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது என் முகத்தைப் பார்த்து, "உன்ன திருடின்னு சொன்னேன்ல" என்று தொண்டைக்குள் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கண்ணில் நான் தெரிந்தேன். நானும் அழுதேன். "சும்மா இரு, தையல் பிரியும்" என்றேன்.

வீடு திரும்பியபோது கோடை பாதி போயிருந்தது. வலிப்பு வரலாம் என்று மாத்திரை. கார் ஓட்டக் கூடாது. பாதத்தில் தோல் மூடி, வெளுத்த தழும்பு. வாசனை திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அடித்துப் போட்டது வேறு. வேலைகளின் வரிசை அவளுக்குப் பிடிபடவில்லை. காப்பி போட வேண்டுமென்றால் தூள் முதலா தண்ணீர் முதலா என்று நின்றுவிடுவாள்.

மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "உங்களுக்குக் கை பழகின வேலை ஏதாவது ஒண்ணத் தினமும் செய்யுங்க" என்றாள். குன்வோர் என்னிடம் பட்டர் பேப்பர் கேட்டாள். காஸ்டிக் சோடா டப்பாவை ஓஸ்தென் எப்போதோ தூக்கி எறிந்திருந்தான். சோப்பு இல்லை, கூழ் இல்லை. வெறும் பெட்டி, வெறும் தாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து விரிக்கப் பார்த்தாள். அடியில் மடிப்பு எடுப்பாள், பக்கம் நிமிர்த்துவாள், மூலைக்கு வந்ததும் கை நின்றுவிடும். மிஞ்சின தாளை என்ன செய்வது என்று தெரியாமல் கசக்குவாள். கசக்கியதைப் பிரித்துத் தடவுவாள்.

"வெட்டிப் போட்டுறலாமா?" என்றேன் ஒருநாள்.

"வெட்டாத." முதல் முறையாகக் குரல் ஏறியது. "சொல்லியும் கொடுக்காத. பாத்துட்டு இரு."

பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுலபமாக இல்லை. இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகு ஒரு மூலை வந்தது. மற்ற மூன்றும் வர இன்னும் நாளாயிற்று. வந்ததும் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பெட்டிக்குள்ளே வெகுநேரம் பார்த்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் மடிச்சேன். எந்தத் தாளுன்னு மட்டும் தெரியல" என்றாள்.

மைக்கனைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப்போனேன். மைக்கன் கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்து, காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். குன்வோர் நேராகச் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு. நோய்னு சொல்றாங்க. ஆனா என் வாய்தான்."

மைக்கன் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "எனக்குப் புரியுது குன்வோர். தலைய எடுத்த படத்தப் பத்தி, கட்டியப் பத்தி எல்லாம் பேரித் சொன்னா. நோய்னு மனசுக்குத் தெரியுது. காதுக்குத்தான் தெரியல. ஆர்கன்ல உக்காந்தா பின்னால இருக்கற எல்லாரும் என் கையத்தான் பாக்கறாங்கன்னு தோணுது. இப்பல்லாம் முழுக்கைதான் போட்டுக்கறேன்."

குன்வோர் தலையாட்டினாள். அதற்குமேல் இருவரும் ஆட்டு விலையையும் கப்பல் நேரத்தையும் பற்றித்தான் பேசினார்கள். கிளம்பும்போது மைக்கன் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஆனால் மறுபடி வா என்று சொல்லவில்லை.

ஓஸ்தென் விட்டுப் போகவில்லை. அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். காலில் களிம்பு தடவினான். எல்லாம் செய்தான். ஆனால் மேல் அறையில் படுத்தான். அந்த வருஷக் கடைசியில் தலைநகரில் மறு பரிசோதனைக்குப் போய்விட்டு மூவரும் என் காரில் கப்பலுக்காக வரிசையில் நின்றிருந்தோம். மழை. ஓஸ்தென் முன் சீட்டில், அவள் பின்னால். எல்லாம் சுத்தமாக இருக்கிறது, கட்டி திரும்ப வரவில்லை என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நல்ல செய்தி கேட்ட பிறகுதான் அவனுக்குக் கேட்கத் துணிவு வந்தது போல. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்:

"அந்த ரூனெ விஷயம். அது கட்டி பேசினதா, நீ பேசினதா?"

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். மழையில் எங்கே போவது.

"பொய் சொல்லட்டுமா?" என்றாள் குன்வோர்.

"வேணாம்."

"உண்மைதான். அவன் வேணாம்னான். நீ பக்கத்துல இருந்த. ஆனா அது அப்பத்திய உண்மை, ஓஸ்தென். அப்புறம் அது இல்லாமப் போச்சு. இல்லாமப் போனதாலதான் நான் அத எடுத்துப் பேசவே இல்ல. கட்டி வந்து தோண்டிப் போட்டுருச்சு."

ஓஸ்தென் முன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான்.

"எப்ப இல்லாமப் போச்சு?"

"தேதியா கேக்கற?"

"தோவெ பொறக்கறதுக்கு முன்னாலயா?"

அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய குன்வோராக இருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். யாரையும் நோகடிக்கத் தெரியாதவள். ஆனால் அந்தத் தடுப்பு அவளுக்கு முழுதாகத் திரும்ப வந்திருக்கவில்லையோ, இல்லை இத்தனை நடந்த பிறகு அவனிடம் பொய் சொல்லப் பிடிக்கவில்லையோ, எனக்குத் தெரியாது.

"இல்ல" என்றாள். "பின்னால."

கப்பலில் கார் ஏறியதும் ஓஸ்தென் இறங்கி மேல்தளத்துக்குப் போனான். தீவு வரும்வரை உள்ளே வரவில்லை. குன்வோர் பயணிகள் அறையின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே அவன் முதுகை, காற்றில் படபடக்கும் மழைச்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வந்த சூப் ஆறிப்போயிற்று.

அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. அடுத்த கோடையில் தோவெயின் கல்யாணம் நடந்தது. இருவரும் சர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். புகைப்படத்தில் அவன் அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறான். பாதம் தடுமாறும் என்பதற்காகவா, வேறு எதற்காகவா என்று படத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

"அவன் போகாம இருக்கறது மன்னிப்பா பேரித்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவன்கிட்டயே கேளு."

"கேட்டா பதில் சொல்லுவான். அதான் பயம்."

இந்த வருஷம் குட்டி ஈனும் காலத்தில் பனி விலகவே இல்லை. ஓஸ்தெனுக்கும் முதுகு பழைய முதுகு இல்லை. பட்டியில் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. குன்வோர் வலிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியில் தழும்பை மறைத்துக்கொண்டு பட்டிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். போன வாரம் மதியம் அவர்களுக்கு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. தாய் ஆடு ஒன்று குட்டியைச் சேர்க்க மாட்டேன் என்கிறது; குட்டியை வேறு ஆட்டுக்கு மாற்ற வேண்டும் என்கிறான் அவன், இன்னும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்கிறாள் இவள்.

"உனக்குப் பிடிவாதம்" என்றான் அவன்.

"உனக்கு அவசரம். எப்பவும் அவசரம்."

"ஒருநாள்ல செத்துரும்."

"சாகாது. நான் இங்கயே உக்காந்துருக்கேன். நீ போய்த் தூங்கு."

"நீ இருந்தா நான் எப்படித் தூங்கறது? வலிப்பு வந்தா யாரு பாக்கறது, ஆடா?"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். எவ்வளவோ காலமாக அந்தப் பண்ணையில் யாரும் குரல் உயர்த்தவில்லை. நான் உள்ளே போகவில்லை. ரொட்டியைத் துணியோடு கல்வேலியின்மேல் வைத்து, நரி எடுக்காதபடி ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.